துப்பாக்கிக்கு முன்னே வந்த கிழங்கு

1941. ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்தது. போரில் சேராமல் ஒதுங்கி நின்ற ஸ்வீடனில், எரிக் ஹோம்பெர்க் என்ற வானியலாளர் 74 மின்விளக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு கேலக்ஸிகளை மோதவிட்டுப் பார்த்தார். ஒரு கேலக்ஸிக்கு 37 விளக்கு. கணினி இல்லாத காலம். விண்மீன் கூட்டங்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும் என்று தாளில் கணக்குப் போட உட்கார்ந்தால் ஆயுள் போதாது. அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். விளக்கை விட்டு விலகப் போகப் போக வெளிச்சம் எந்தக் கணக்கில் குறைகிறதோ, அதே கணக்கில்தான் ஈர்ப்பு விசையும் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே ஒரு விளக்கு இருக்கும் இடத்தில் நாலா பக்கமிருந்தும் விழும் வெளிச்சத்தை அளந்துவிட்டால், அங்கே இருக்கும் விண்மீனை எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். அளப்பார், அதற்கேற்ப விளக்கைக் கொஞ்சம் நகர்த்துவார், மறுபடி அளப்பார்.

பொறுமைக்குப் பலன் கிடைத்தது. நெருங்கிக் கடந்த இரண்டு கூட்டங்களிலும் ஓரம் பிதுங்கி, சுருள் கைகளைப் போல நீண்டது. மோதலில் வேகத்தை இழந்த கேலக்ஸிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் கூடும் என்பதும் தெரிந்தது.

அதன் பிறகு 31 ஆண்டுகள் கழித்து, எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் இதையே கணினியில் செய்து காட்டினார்கள். வானத்தில் சில கேலக்ஸிகளுக்கு வால் போலவும், இரண்டுக்கும் நடுவே பாலம் போலவும் நீண்டிருந்த ஒளிக்கீற்றுகள் அதுவரை புதிராகவே இருந்தன. மோதும்போது ஈர்ப்பு விசை பிய்த்து எறிந்த விண்மீன்களே அவை என்று அண்ணனும் தம்பியும் நிறுவினார்கள். அஸ்த நட்சத்திரம் இருக்கும் காகக் கூட்டத்தின் பக்கம், சுமார் 6.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், பூச்சியின் உணர்கொம்புகள் போல இரண்டு வால்களோடு ஒரு ஜோடி கேலக்ஸி இருக்கிறது. ஆன்டென்னா கேலக்ஸிகள் என்று அதற்குப் பெயர். டூம்ரே சகோதரர்களின் கணினி அந்த இரண்டு கொம்புகளையும் அப்படியே வரைந்து காட்டியது.

நம் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு மோதல் காத்திருக்கிறது என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். கார்த்திகை மாத இரவில், ஜவ்வாது மலையின் காவலூர் மாதிரி இருட்டு நிறைந்த ஊரில் நின்று அண்ணாந்து பார்த்தால், வடக்கு வானில் மங்கலான ஒரு புகைத்திட்டு தெரியும். 964இல் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி அதைச் சின்ன மேகம் என்று குறித்து வைத்தார். அதுதான் ஆண்ட்ரோமீடா. சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் தனி கேலக்ஸி. அது நம்மை நோக்கித்தான் வருகிறது என்பதை 1912இல் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்து சொன்னார். நம் பால்வெளியை நோக்கி அது நெருங்கும் வேகம் நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். ஹபிள் தொலைநோக்கியின் அளவுகளை வைத்து, ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளில் இரண்டும் மோதுவது உறுதி என்று 2012இல் அறிவித்தார்கள். பக்கத்திலிருக்கும் சிறு கேலக்ஸிகளின் இழுப்பையும் சேர்த்து 2025இல் மறுபடி கணக்குப் போட்டபோது அந்த உறுதி தளர்ந்தது. அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் மோதுவதற்கும் மோதாமல் தப்புவதற்கும் வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதி என்கிறது புதிய கணக்கு.

மோதினால்தான் என்ன ஆகிவிடும்? விண்மீன்களைக் கேட்டால், ஒன்றும் ஆகாது. சூரியனை ஒரு டேபிள் டென்னிஸ் பந்தாகச் சுருக்கிச் சென்னையில் வைத்தால், அடுத்த பந்து மும்பையையும் தாண்டி 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். நடுவே எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இரண்டு பந்துக் கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபக்கம் வந்தாலும் ஒரு பந்துகூட இன்னொன்றை உரசாது.

உண்மையில் முட்டிக்கொள்வது வாயு. விண்மீன்களுக்கு நடுவே மிக மெல்லியதாக, ஆனால் எங்கும் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் மேகங்களுக்கு விலகி ஓட இடமில்லை. ஒன்றோடொன்று இடித்து, நசுங்கி, இறுகி, புது விண்மீன்களைக் கொத்துக் கொத்தாகப் பிறப்பிக்கின்றன. ஆன்டென்னா கேலக்ஸிகளை ஹபிள் எடுத்த படத்தில் நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் பற்றி எரிவதுபோல் தெரியும் இடங்கள் அத்தனையும் அப்படிப் பிறந்த இளம் விண்மீன்களின் வேலை.

2020இல் வந்த செய்தி இன்னும் சுவையானது. ஆண்ட்ரோமீடாவைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுப் போர்வை இருக்கிறது. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஹபிளை வைத்தே அளந்தார்கள். 13 லட்சம் ஒளியாண்டு, சில திசைகளில் 20 லட்சம் வரைகூட. நம் பால்வெளிக்கும் அதே மாதிரி ஒரு போர்வை உண்டு. இரண்டு போர்வைகளின் ஓரங்களும் இப்போதே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. கேலக்ஸிகள் மோதுமா மோதாதா என்று பூவா தலையா போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவற்றின் லேசான ஓரங்கள் சந்தித்துவிட்டன.

மோதல் என்றதும் கெட்டியான இரண்டு பொருள்கள் முட்டுவதுதான் நம் மனக்கண்ணில் வருகிறது. கண்டங்கள், நாகரிகங்கள் எல்லாவற்றையும் அப்படியே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் எந்த மோதலை எடுத்துப் பார்த்தாலும், கவனத்துக்கு வராத லேசான சமாச்சாரங்களே முதலில் போய்ச் சேர்கின்றன. பெரும்பாலான வேலையையும் அவையே செய்து முடிக்கின்றன.

கண்டங்களின் மோதலுக்கான சாட்சி பல வைணவ வீடுகளில் பூஜை அறையிலேயே இருக்கிறது. வழுவழுப்பான கறுப்புக் கல், உள்ளே சக்கரம் போலச் சுருண்ட வரி, மேலே ஒரு துளசி. சாளக்கிராமம். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. அந்த ஆற்றை ஒட்டிய முக்திநாத், திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்னும் திவ்ய தேசமாகப் போற்றப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரம். கல்லுக்குள் இருக்கும் அந்தச் சக்கரம், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. கணவாய்க்குத் தூரத்து உறவு; டைனோசர்களோடு சேர்ந்து பூண்டற்றுப் போனது. கடலில் வாழ்ந்தது மலையுச்சிக்கு எப்படி ஏறியது?

இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. டெதிஸ் என்று புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த வண்டலும், அதில் புதைந்த ஓடுகளும் தப்பிக்க வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டன. நசுங்கி, மடிந்து, மேலே பிதுங்கின. எவரெஸ்ட்டின் உச்சிப் பாறையே கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல்தான். அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் இதே அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே கடல் தானாகப் பின்வாங்கிப் போனதால் அவை கிடந்த இடத்தில் கிடக்கின்றன. அவற்றுக்கு அபிஷேகமும் இல்லை, துளசியும் இல்லை.

அந்த மோதல் இன்னும் முடியவில்லை. இந்தியா இன்றைக்கும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று அந்த அழுத்தத்தில் ஒரு பகுதி விடுபட்டபோது, காத்மாண்டு வட்டாரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே எழும்பியது. சுமார் 9,000 பேர் இறந்தார்கள்.

மனிதர்களின் மோதல் கதைகளில் எல்லோருக்கும் தெரிந்தது கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டங்களில் நடந்தது. 1519 நவம்பர் 8 அன்று எர்னான் கோர்டெஸ் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானுக்குள் நுழைந்தார். ஏரிக்கு நடுவே கட்டிய நகரம். அன்றைய ஸ்பெயினின் எந்த ஊரையும்விடப் பெரியது. அடுத்த ஆண்டு ஜூன் 30 இரவு அஸ்டெக்குகள் அவரை அடித்து விரட்டினார்கள். நூற்றுக்கணக்கான ஸ்பானியர்கள் செத்தார்கள். வாளோடு வாள் மோதிய கணக்கில் பார்த்தால் அந்தச் சண்டையில் ஸ்பெயின் தோற்றது. ஆனால் அதே 1520இல் பெரியம்மை நகருக்குள் புகுந்தது. அஸ்டெக் மன்னர் மோக்டெசுமாவுக்குப் பிறகு அரியணை ஏறிய குயிட்லாஹுவாக் ஏறக்குறைய 80 நாள்தான் ஆண்டார், அம்மை கொண்டுபோனது. 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் விழுந்தபோது கோர்டெஸுடன் நின்ற படையில் பெரும்பகுதி, அஸ்டெக்குகளை வெறுத்த ட்லாஸ்கலா போன்ற உள்ளூர் இனத்தவர். ஐரோப்பியத் துப்பாக்கி சாதித்தது என்று பள்ளிப் புத்தகம் சொல்வதில் பாதியைக் கிருமியும், மீதியில் பெரும்பங்கை உள்ளூர்ப் பகையும் சாதித்திருந்தன.

பெருவில் கிருமி இன்னும் முந்திக்கொண்டது. இன்கா பேரரசர் ஹுவாய்னா கபாக் ஸ்பானியர் எவரையும் நேரில் பார்க்காமலே, 1520களின் இறுதியில் ஒரு கொள்ளைநோயில் இறந்தார். பெரியம்மையாகத்தான் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். பட்டத்து வாரிசும் போய்விட, மகன்கள் இருவர் அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள். பிரான்சிஸ்கோ பிசாரோ 168 பேரோடு 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்காவில் அந்த மகன்களில் ஒருவரான அட்டஹுவால்பாவைச் சிறைபிடித்தபோது, அவர் பிடித்தது உள்நாட்டுப் போரில் அப்போதுதான் ஜெயித்துக் களைத்திருந்த ஒரு மன்னரை. மோதல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆள்தான் தாமதமாக வந்து சேர்ந்தார்.

கிருமி போன வழியிலேயே எதிர்ப்பக்கமாக அங்கிருந்து செடிகள் வந்தன. 1972இல் ஆல்ஃபிரட் கிராஸ்பி என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். தமிழ்நாட்டுச் சமையலறையில் அதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, முந்திரி என எல்லாமே கொலம்பஸுக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவை. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குத் தீனி போடும் மரவள்ளிக்கிழங்குக்குப் பூர்விகம் தென் அமெரிக்கா.

அதற்கு முன்னால் இங்கே சமையல் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஆசாரம் பார்க்கும் வீட்டில் திவசத்தன்று சாப்பிட உட்கார வேண்டும். இலையில் மிளகாய் இருக்காது, காரத்துக்கு மிளகு. தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. வாழைக்காயும் பாகற்காயும் சேப்பங்கிழங்கும் பிரண்டைத் துவையலும் வரும். முன்னோர்கள் சாப்பிட்டுப் பழகாததை அவர்களுக்குப் படைப்பதில்லை என்ற பிடிவாதம், 500 ஆண்டுகளுக்கு முந்தைய சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றைக் கலையாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. காவலையும் மீறி ஒன்று நுழைந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. சில வீடுகளில் அந்த இலையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு உண்டு. அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் கிழங்குதான்! சத்தமில்லாமல் வந்து நாட்டுக் காய்களோடு உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கிழங்கு இதைவிடப் பெரிய காரியம் ஒன்றை நியூகினியில் செய்தது.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் அந்தப் பெருந்தீவின் கரையோரங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர்கள் கொடி நட்டுவிட்டார்கள். நடுவில் சுவர் போல நிற்கும் மலைகளில் ஆள் நடமாட்டமே இருக்காது என்பது அவர்கள் நினைப்பு. 1930இல் தங்கம் தேடி மைக்கேல் லேஹி, மைக்கேல் டுவையர் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் கரையோரச் சுமைகூலிகளை அழைத்துக்கொண்டு மலையேறினார்கள். மறுபக்கம் அவர்கள் எதிர்பார்த்தது காடு. பார்த்தது புல் படர்ந்த பள்ளத்தாக்குகள். இருட்டியதும் பள்ளத்தாக்கு நெடுகிலும் புள்ளி புள்ளியாக நெருப்பு தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு குடியிருப்பு. அன்றிரவு துப்பாக்கியும் கையுமாக விழித்திருந்தார்கள். அந்த மலைநாட்டில் அப்போது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வெளியுலகத்துக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கும் வெளியுலகம் ஒன்று இருப்பது தெரியாது.

லேஹியிடம் ஒரு லைகா கேமராவும், பின்னாளில் ஒரு சினிமா கேமராவும் இருந்தன. இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்க்கும் தருணம் இத்தனை விரிவாகப் படமாவது வரலாற்றில் அபூர்வம். 50 ஆண்டுகள் கழித்து, பாப் கானலி, ராபின் ஆண்டர்சன் தம்பதி அந்தப் படச்சுருள்களை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குப் போய், அன்று சிறுவர்களாக இருந்த கிழவர்களிடம் பேசினார்கள். 1983இல் அது ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ என்ற ஆவணப்படமாக வந்தது. ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

அந்தக் கிழவர்கள் சொன்னவை எந்த மானுடவியல் புத்தகத்துக்கும் சளைத்தவை அல்ல. வெள்ளைத் தோல்காரர்களைச் செத்துப்போன முன்னோர்கள் என்று நினைத்தார்களாம். கூட வந்த கூலிகளிலும் இறந்த சொந்தக்காரர்களின் சாயலைக் கண்டு அழுதிருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்குச் சந்தேகம். வந்தவர்கள் ஒதுக்குப்புறமாகப் போய்க் குழி தோண்டி உட்கார்ந்ததை ஒளிந்திருந்து கவனித்துவிட்டு, அவர்கள் போன பிறகு போய்ப் பார்த்திருக்கிறார். நாற்றம் நம்முடையது போலவே இருக்கிறது, ஆகவே இவர்களும் மனிதர்கள்தான் என்று ஊருக்கு வந்து தீர்ப்புச் சொன்னார். கைக்கு எட்டிய சான்றை வைத்து எட்டிய முடிவு. அறிவியல் முறைக்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் கிடைப்பது கடினம்.

அடுத்து வந்தது சிப்பி. கடற்கரையிலிருந்து கைமாறிக் கைமாறி மலைக்கு வந்து சேரும் முத்துச்சிப்பி ஓடுதான் அங்கே பெருஞ்செல்வம். பிறை வடிவில் செதுக்கிக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். பெண் கொடுக்க, பகை தீர்க்க, பரிசுப் பந்தயத்தில் எதிராளியை மிஞ்ச, எல்லாவற்றுக்கும் சிப்பி வேண்டும். வருவது அபூர்வம் என்பதால் ஊர்ப் பெரியவர்கள் கையிலேயே அது சுற்றிவரும். இதைத் தெரிந்துகொண்ட லேஹியும் கூட்டாளிகளும் கடற்கரையிலிருந்து சிப்பியை விமானத்தில் ஏற்றி வந்து இறக்கினார்கள். பன்றிக்குச் சிப்பி, கிழங்குக்குச் சிப்பி, ஓடுபாதை அமைத்த கூலிக்குச் சிப்பி. முதலில் கொண்டாட்டம். பிறகு வரத்து பெருகப் பெருக மதிப்பு சரிந்தது. ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய சிப்பிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கூலி வேலைக்குப் போன இளவட்டங்கள் சிப்பி சேர்த்து, பெரியவர்களின் தயவில்லாமலே பெண் பார்க்க முடிந்தது. ஒரு சமூகத்தின் அதிகார வரிசையைக் கலைத்துப் போட மூட்டையில் வந்த கடல் ஓடு போதுமானதாக இருந்தது. சுதந்திரத்தை ஒட்டி 1975இல் பப்புவா நியூகினி தனக்கென நாணயம் வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் கினா. அந்தச் சிப்பியின் பெயர்தான்.

வந்தவர்கள் சாப்பிட்டது என்ன? மலைவாசிகள் விளைவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. மூவாயிரம் பேர் கூடும் விருந்தானாலும் பன்றிக்குத் தீவனமானாலும் அங்கே எல்லாம் அந்தக் கிழங்கை நம்பித்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி, ஐரோப்பியக் கப்பல்கள் திரிந்த கிழக்கிந்தியத் தீவுகள் வழியாகக் கொடி கொடியாகக் கைமாறி, சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அது மலையேறியிருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. அதற்கு முன் அங்கே சேம்பும் வாழையும் கரும்பும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரானவை. கரும்பை முதலில் வளர்த்துப் பழக்கியதே நியூகினிக்காரர்கள்தான் என்று கருதப்படுகிறது. ஆனால் குளிரும் மெலிந்த மண்ணும் உள்ள உயரங்களில் சேம்பு சரியாக வராது, புதுக்கிழங்கு வந்தது. ஜனம் பெருகியது, பன்றி பெருகியது, பன்றியை வைத்து நடக்கும் விருந்தும் போட்டியும் பெருகின. 1930இல் லேஹி பார்த்து மலைத்த அந்தக் கூட்டம், தீண்டப்படாத கற்காலம் என்று பத்திரிகைகள் எழுதிய அந்த உலகம், கொலம்பஸ் தொடங்கிவைத்த மோதலில் ஏற்கெனவே உருமாறிப்போன உலகம். அங்கே ஒருவருக்கும் அது தெரியாது. லேஹிக்கும் தெரியாது.

1993இல் சாமுவேல் ஹன்டிங்டன் நாகரிகங்களின் மோதல் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதில் நாகரிகங்கள் எல்லை கீறிய கெட்டியான உருண்டைகளாகவே வருகின்றன. நியூகினியின் கிழங்கையும் திவச இலையையும் பார்த்தவர்களுக்கு அந்தச் சித்திரம் செல்லுபடியாகாது.

அதற்காகக் கேலக்ஸி உவமையை எல்லை வரை இழுப்பதும் நியாயமில்லை. ஹோம்பெர்க்கின் சோதனையில் இரண்டு பக்கமும் 37 விளக்கு, சரிசமம். நியூகினியின் மலைநாட்டில் அப்படி இல்லை. லேஹியின் கூட்டம் பலரைச் சுட்டுக் கொன்றது. ஆவணப்படத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் மேகத்துக்குப் பேராசை கிடையாது, விசை இழுக்கும் விரல் கிடையாது. கிருமி யாருடைய திட்டமும் இல்லைதான். ஆனால் நோய் காலி செய்த நிலத்தில் வேலி போட்டதும், எஞ்சியவர்களைச் சுரங்கத்துக்கு ஓட்டியதும் திட்டத்தோடு செய்த வேலைகள். எல்லாவற்றையும் கிருமியின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துகொள்வது, வென்றவர்களுக்கு வசதியான வரலாறு.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணத்தில் இதே கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 1858இல் ஆங்கிலேயர் அந்தமானில் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது, பெரிய அந்தமானியர் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877இல் தட்டம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் அவர்கள் 625 பேர், 1931இல் 90, 1961இல் 19. ஜாரவாக்கள் காட்டுக்குள் வில்லோடு விலகியே இருந்ததால் தப்பினார்கள். 1996இல் கால் உடைந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவனைப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் வைத்துக் குணப்படுத்தி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஜாரவாக்கள் தாங்களாகவே சாலைக்கு வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது.

வடக்கு சென்டினல் தீவுக்காரர்கள் மட்டும் இன்றுவரை ஏறக்குறைய யாரையும் அண்டவிடவில்லை. காரணமில்லாத மூர்க்கம் என்று அதைச் சொல்வதற்கு முன் 1880இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே இறங்கி, ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். ஆறு பேரும் நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைக் கை நிறையப் பரிசுகளோடு தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அந்தக் குழந்தைகள் மூச்சில் எதைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள் என்பதற்குப் பதிவு இல்லை.

சுதந்திர இந்தியாவின் அதிகாரிகளும் மானுடவியலாளர்களும் பல ஆண்டுகள் தேங்காய்களை அலையில் மிதக்கவிட்டு நட்பு பாராட்டப் பார்த்தார்கள். 1991 ஜனவரி 4 அன்று தீவுக்காரர்கள் தண்ணீரில் இறங்கி வந்து கையிலிருந்தே தேங்காயை வாங்கிக்கொண்டார்கள். மதுமாலா சட்டோபாத்யாய் என்ற மானுடவியலாளர் அந்தக் குழுவில் இருந்தார். வெற்றி என்றுதான் அன்று கொண்டாடினார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே அரசு அந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. பெரிய அந்தமானியருக்கு நேர்ந்தது கண்முன்னே இருந்தது. தூரத்திலிருந்து கண்காணிப்பது, அருகே போகாமல் இருப்பது என்பதே இப்போதைய கொள்கை. அனுமதியில்லாமல் கரையை நெருங்குவதே குற்றம். 2004 சுனாமிக்குப் பிறகு, உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி அவர்கள் அம்பு விட்டார்கள். 2018இல் மதம் பரப்பப் போன அமெரிக்கர் ஒருவர் கொல்லப்பட்டார்.

2025 மார்ச் மாதக் கடைசியில் இன்னொரு அமெரிக்க இளைஞர் ரப்பர் படகில் அங்கே போய்ச் சேர்ந்தார். சில நிமிடங்கள் கரையில் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டப்பாவையும் மணலில் வைத்தார்; கொஞ்சம் மணலை எடுத்துக்கொண்டு, வீடியோ பிடித்துவிட்டுத் திரும்பினார். தீவுக்காரர்கள் யாரும் வெளியே வரவில்லை. ஓரிரு நாளில் அந்தமான் போலீஸ் அவரைக் கைது செய்தது. பழங்குடிகளின் உரிமைக்காகப் பாடுபடும் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு உடனே கண்டன அறிக்கை விட்டது. அந்தக் கண்டனத்தில் முன்னால் நின்றவை ஃப்ளூவும் தட்டம்மையும். எந்த எதிர்ப்பு சக்தியும் இல்லாத ஓர் இனத்தையே இந்த இரண்டும் துடைத்துவிடக்கூடும் என்று அது எச்சரித்தது.